பட்டான் கல்

பொற்பனைக்கோட்டைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முனீஸ்வரரைக் கும்பிடத்தான் போகிறார்கள். புதுக்கோட்டை நகரத்திலிருந்து கிழக்கே ஐந்தாறு கிலோமீட்டர் தூரம். முன்னொரு காலத்தில் இங்கே நின்ற பனைமரம் பொன்னாகக் காய்த்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. பெயரும் அதிலிருந்து வந்ததுதான். பூசை முடிந்து தேங்காய் மூடியோடு திரும்புகிறவர்களுக்கு, ஏறி இறங்கிய மண்மேடு ஒரு கோட்டைச் சுவர் என்றோ, பக்கத்துப் பள்ளம் அதன் அகழி என்றோ தோன்ற வேண்டிய அவசியம் இருந்ததில்லை. 2021-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023-இல் மாநிலத் தொல்லியல் துறையும் இங்கே அகழாய்வில் இறங்கிய பிறகுதான் சங்ககாலக் கோட்டை என்ற பேச்சு டீக்கடை வரைக்கும் வந்தது.

அகழாய்வுக் குழி வெட்டுவதற்கு முன்பே இங்கே ஒரு கல் கிடைத்திருந்தது. தமிழி எழுத்து, அதாவது தமிழ்-பிராமி எழுத்து வெட்டிய நடுகல். ஆநிரைப் பூசலில் உயிர்விட்ட கணங்குமரன் என்ற வீரனுக்காக நட்டது. கி.பி. 2 அல்லது 3-ஆம் நூற்றாண்டு என்று கணித்திருக்கிறார்கள். யாரோ ஓட்டிப்போன மாட்டை மீட்கவோ, யாருடைய மாட்டையோ ஓட்டிவரவோ போய், திரும்பி வராத ஒருவனுடைய பெயர் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாக அந்தக் கல்லில் இருந்திருக்கிறது.

போர் நினைவுச் சின்னம் என்றதும் நம் மனத்தில் எழுவது தில்லி இந்தியா கேட். அல்லது சென்னையில் ஜார்ஜ் கோட்டைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையின் முனையில் வட்டமாகத் தூண்கள் சூழ நிற்கும் வெற்றிப் போர் நினைவிடம். முதல் உலகப் போருக்காக எழுந்த அந்தக் கட்டடத்தில் பிறகு இரண்டாம் உலகப் போரும், விடுதலைக்குப் பிந்தைய காஷ்மீர், சீன, பாகிஸ்தான் போர்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. இவையெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் செத்த வீரனுக்குக் கல் வைப்பது எப்படி என்பதற்குத் தமிழில் ஒரு செய்முறையே இருக்கிறது. தொல்காப்பியம் புறத்திணையியலில் அதை ஆறு படிகளாகச் சொல்கிறது. உரைகாரர்கள் அங்கங்கே வேறுபட்டாலும் வரிசை ஒன்றுதான். கல்லைத் தேடிக் காண்பது, எடுக்கத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது. ஆறுமே வினைகள். கல் எவ்வளவு உயரம், என்ன வடிவம் என்பதைப் பற்றி அந்தப் பட்டியலுக்கு அக்கறை இல்லை. கல்லுக்கு மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே அதன் கவலை. அந்த வரிசையிலேயே நாமும் போய்ப் பார்க்கலாம்.

காட்சி

முதல் வேலை கல்லைக் கண்டுபிடிப்பது. புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதில் இரண்டு வழி உண்டு. ஊரைச் சுற்றி எங்கே தோண்டினாலும் வருவது செம்புராங்கல். வெப்பமும் மழையும் மாறிமாறி அடிக்கும் நிலத்தில் பாறையின் மற்ற சத்துகளெல்லாம் கரைந்து போக, இரும்பும் அலுமினியமும் ஆக்சைடுகளாகத் தங்கிச் சிவந்துபோன கல் அது. வெட்டும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப்பட்டால் இறுகிவிடும். கேரளத்து அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளியான தன் நூலில், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு லாட்டரைட் என்று பெயர் வைத்தார். கோட்டைக்கும் கிணற்றுச் சுவருக்கும் இதைவிட வசதியான கல் கிடையாது. ஆனால் உடம்பெல்லாம் ஓட்டை. நுணுக்கமான எழுத்து இதில் நிற்காது.

எழுத்து நிற்க வேண்டுமென்றால் நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் பக்கம் போக வேண்டும். அங்கே நிலத்துக்கு மேல் யானை படுத்திருப்பது போலக் கிடப்பவை கருங்கல் குன்றுகள். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையான பாறைகள். இவற்றில் முக்கியமான பங்கு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற இரண்டு கனிமங்களுக்கு. மழைநீர் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக இறங்குகிறது. அந்த நீர் ஃபெல்ட்ஸ்பாரை மெல்ல மெல்லக் களிமண்ணாக்கும். குவார்ட்ஸை அவ்வளவு சுலபமாக ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே கருங்கல் தேய்வது மனித ஆயுள் கணக்கில் கண்ணுக்கே தெரியாத வேகத்தில்தான். ஒரு பெயரை ஆயிரம் ஆண்டு பாதுகாக்க வேண்டுமானால் இதைவிட மலிவான பெட்டகம் இன்றைக்கும் நம்மிடம் இல்லை.

நல்ல கல்லா என்று சிற்பி பார்க்கும் முறை சுவாரசியமானது. சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுப்பார். மணிபோல ஒலித்தால் ஆண் கல், தாளம்போல ஒலித்தால் பெண் கல், மொத்தென்று ஒலித்தால் வேலைக்கு ஆகாது. இதில் நம்பிக்கை கொஞ்சம் கலந்திருந்தாலும் இயற்பியல் நிறையவே இருக்கிறது. உள்ளே வெடிப்பு இல்லாத கல்லில் அதிர்வு தடையின்றி ஓடித் திரும்பும். வெடிப்பு இருந்தால் அதிர்வு அங்கேயே சிதறி மடங்கிப்போகும். இன்றைக்குப் பாலத்தின் கான்கிரீட்டைச் சோதிக்கப் பொறியாளர்கள் மீயொலியை அனுப்பி நேரம் பார்ப்பதும் இதே கொள்கையில்தான்.

கல் தேடுவதிலேயே போர் மூண்ட கதையும் நம்மிடம் உண்டு. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காதைகளின் பெயர்களே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று போகின்றன. தொல்காப்பியத்தின் பட்டியலில் படைப்பதைத் தவிர மற்ற ஐந்தையும் கதைத் தலைப்புகளாக்கிக்கொண்டார் இளங்கோ. கண்ணகிக்குக் கல் பொதிய மலையில் எடுப்பதா இமயத்தில் எடுப்பதா என்ற கேள்வி வருகிறது. செங்குட்டுவன் இமயத்தைத் தேர்ந்தெடுக்கிறான். வழியில் போர். தோற்ற கனக, விசயர் தலையில் அந்தக் கல் ஏறுகிறது. ஒரு சாவை நினைப்பதற்கான கல்லுக்காகப் பல பேர் சாக வேண்டியிருந்தது.

கால்கோள்

இந்தச் சொல் நமக்கு இன்னும் பழக்கமானதுதான். பள்ளிக் கட்டடத்துக்கோ பாலத்துக்கோ கால்கோள் விழா என்று இன்றைக்கும் அழைப்பிதழ் அடிக்கிறார்கள். நடுகல்லுக்கான பழைய சொல் அது என்று அச்சடிப்பவருக்குத் தெரிந்திருக்காது.

பாறையிலிருந்து கல்லைப் பெயர்ப்பதற்கு வெடிமருந்து இல்லாத காலத்தில் ஒரு தந்திரம் இருந்தது. நேர்கோட்டில் சிறுசிறு குழிகளை உளியால் வெட்டுவார்கள். அவற்றில் ஆப்பு இறக்கி, வரிசையாக ஒவ்வொன்றின் மேலும் ஒரே அளவாகத் தட்டிக்கொண்டே போவார்கள். கருங்கல்லை அழுத்தி நொறுக்குவது கஷ்டம். இழுத்துப் பிளப்பதற்கோ அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விசை போதும். ஆப்புகள் செய்வது அந்த இழுப்பைத்தான். குழிகளை இணைக்கும் கோட்டில் விரிசல் ஓடி, பாறை ரொட்டித் துண்டுபோலப் பிரியும். நம் பக்கத்துக் குன்றுகளில் ஏறினால், பல்வரிசை போல இந்தக் குழிகள் தெரியும் பாறை விளிம்புகளைப் பார்க்கலாம்.

யார் தொடங்கி வைக்கிறார்கள் என்பதும் கால்கோளில் அடக்கம். இந்தியா கேட்டுக்கு 1921-இல் அடிக்கல் நாட்டியவர் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் கன்னாட் கோமகன். பத்தாண்டு கழித்து 1931-இல் திறந்து வைத்தவர் வைஸ்ராய் இர்வின். அரசு தொடங்கி அரசு முடித்த வேலை. இதற்கு நேரெதிரான ஒன்றும் நம் வரலாற்றில் உண்டு. புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்ட வீரபாண்டிய கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். தூக்கிலிட்ட அரசு அங்கே சின்னம் வைக்குமா? அந்த வழியாகப் போனவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டுப் போனார்கள். பெரிதும் சிறிதுமாகக் கற்கள் சேர்ந்து குவியலாயின. சிற்பி இல்லை, எழுத்து இல்லை, திறப்பு விழா இல்லை. சிலையும் மணிமண்டபமும் பின்னால் வந்தவை. குவியலைத் தொடங்கிய அந்த முதல் கல்லைப் போட்ட கை யாருடையது?

நீர்ப்படை

எடுத்துவந்த கல்லை நீராட்ட வேண்டும். இமயத்துக் கல்லுக்குக் கங்கை, பொதியக் கல்லுக்குக் காவிரி என்பது சிலப்பதிகாரத்தின் கணக்கு. மலையில் கிடந்த ஒரு பாறைத் துண்டு மனிதனின் இடத்தைப் பிடிக்கத் தொடங்குவது இந்தக் குளியலில்தான்.

கல் மண்ணுக்குள் புதைந்து பல நூற்றாண்டுக்குப் பிறகு வெளியே வரும்போதும் முதலில் நடப்பது குளியல்தான். கல்வெட்டு ஆய்வாளர்கள் ஒரு வாளித் தண்ணீரும் தென்னைநார் பிரஷும் கொண்டு கல்லைக் கழுவுகிறார்கள். பிறகு ஈரமான காகிதத்தைக் கல்மேல் விரித்து, மொத்தமான பிரஷால் அடித்து அடித்து எழுத்துப் பள்ளங்களுக்குள் காகிதத்தை இறக்குவார்கள். கொஞ்சம் உலர்ந்ததும் மை தோய்ந்த துணிப்பந்தால் மேலே ஒற்றுவார்கள். மேட்டில் மை ஒட்டும், பள்ளத்தில் ஒட்டாது. உரித்து எடுத்தால் கறுப்புப் பரப்பில் எழுத்து வெள்ளையாக நிற்கும். மைப்படி என்று இதற்குப் பெயர். கண்ணால் பார்த்தபோது சொறிசொறியாகத் தெரிந்த கல், காகிதத்தில் பேசத் தொடங்கும்.

கருவி எதுவும் கையில் இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. உச்சிவெயிலில் எழுத்துக் கல்லைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒளி நேராக விழுந்து மேடு பள்ளமெல்லாம் ஒரே வெளிச்சமாகிவிடும். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்தரைக்கோ போய் நிற்க வேண்டும். சாய்ந்து வரும் வெளிச்சத்தில் ஒரு மில்லிமீட்டர் பள்ளத்துக்குக்கூட நிழல் விழும். அந்த நிழல்தான் எழுத்து. இரவில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலும் இதே வித்தை நடக்கும்.

இந்த வேலையில் புதுக்கோட்டைக்கு ஒரு பெருமை உண்டு. 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு இணையும் வரை இது தொண்டைமான்களின் தனிச் சமஸ்தானம். வரைபடத்தில் விரல் வைத்தால் மறைந்துபோகும் அளவு. ஆனாலும் 1910-இலேயே அருங்காட்சியகம் அமைத்தது. 1929-இல், தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளை அரச மரபு வாரியாகப் பிரித்துப் புத்தகமாக அச்சிட்டது. கற்களைக் குளிப்பாட்டுவதற்கு ஒரு சமஸ்தானமே சம்பளம் கொடுத்திருக்கிறது.

நடுதல்

இந்தப் பண்பாட்டின் வேர் எழுத்துக்கும் முந்தையது. கல்வட்டம், கற்பதுக்கை, முதுமக்கள் தாழி என்று இறந்தோரைக் கல்லாலும் மண்ணாலும் காத்த இரும்புக்காலத்து இடங்கள் புதுக்கோட்டை மாவட்டமெங்கும் சிதறிக் கிடக்கின்றன. சித்தன்னவாசல் குன்றின் அடியிலேயே இருக்கின்றன. கூட்டமாகப் புதைத்த அந்தப் பெயரற்ற கற்களிலிருந்து, ஒருவனுக்கு ஒரு கல் என்ற இடத்துக்கு வந்ததுதான் நடுகல்.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. முதலில் படம் போட்டிருப்பார்கள், பிறகு எழுத்து வந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். நடந்தது தலைகீழ். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்கள் கி.மு. நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இடுப்பளவு உயரம். வாள் இல்லை, வில் இல்லை, உருவமே இல்லை. வெறும் எழுத்து. அவற்றில் ஒன்று கூடலூர் ஆகோளைச் சொல்கிறது. ஆகோள் என்றால் பகைவரின் மாட்டைக் கவர்வது. தொல்காப்பியம் பயன்படுத்தும் அதே சொல். வில்லும் வாளும் ஏந்திய வீரன் கல்லில் ஏறுவது பல்லவர் காலத்தை ஒட்டித்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சின்னங்கள் சேர்கின்றன. உடம்பில் தைத்த அம்பு, காலடியில் கெண்டி, பக்கத்தில் மீட்ட மாடு. இன்னும் பிற்காலத்தில் கல் மாடிவீடாகிறது. கீழ்த்தளத்தில் சண்டை, நடுத்தளத்தில் வானுலகப் பெண்கள் வீரனைத் தூக்கிப் போவது, மேல்தளத்தில் கடவுளின் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருப்பது.

எழுத்தின் வாய்பாடு மட்டும் பெரிதாக மாறவில்லை. செங்கம் பகுதி நடுகற்களைப் படித்தால் அது மனப்பாடமாகிவிடும். இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான், கல். தொறு என்றால் மாட்டு மந்தை. செத்தான், இறந்தான் என்றெல்லாம் அங்கே கிடையாது. பட்டான். அடிபட்டான், பாடுபட்டான் என்று நாம் தினமும் சொல்லும் அந்தப் ‘படு’தான். சோழர் கல்வெட்டு ஒன்று கொடும்பாளூர் வேளிர் குலத்துச் சிறியவேளாரை ஈழத்துப் பட்டவர் என்று குறிக்கிறது. சுந்தர சோழன் காலத்தில் கடல் கடந்து போய்ப் போரில் விழுந்த புதுக்கோட்டை மண்ணின் தளபதி அவர். மாட்டுக்காகச் செத்தவனுக்கும் மன்னனுக்காகச் செத்தவனுக்கும் ஒரே வினைச்சொல்.

பெயர், ஊர், செயல், பட்டான். இந்த நான்கும் இல்லாமல் நடுகல் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் போகலாம். புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒரு பகுதி 1974 வரை திருச்சி மாவட்டமாகத்தான் இருந்தது. காய்கறி லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே அங்கே முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. இவ்விடத்திலிருந்து 302 பேர் பெரும்போருக்குப் போனார்கள், 41 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்பது அதன் செய்தி. இதே வாசகத்தோடு, எண்களை மட்டும் மாற்றி, சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் பலகைகள் பதித்தார்கள். போனவர்கள் இத்தனை, வராதவர்கள் இத்தனை. ஒரு பெயர் கிடையாது.

பெரிய இடங்களிலும் இந்தக் கதை உண்டு. 1929-இல் இராக்கில் திறந்த பாஸ்ரா நினைவகம் 40,000-க்கும் மேற்பட்டோருக்கானது. பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர். சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவும் எண்ணிக்கையும் மட்டும். இந்தப் பாகுபாடு தவறு என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் வெளியான அறிக்கையில் ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் சொல்லும் கல் இல்லை, எந்த நினைவுமே இல்லாமலும் இருக்கலாம் என்பது அந்த அறிக்கையின் கணக்கு.

இந்தியா கேட்டின் கதை இரண்டுக்கும் இடைப்பட்டது. 42 மீட்டர் உயரத் தோரணம் சுமார் 70,000 பேரின் நினைவுக்கானது; சுவரில் இருக்கும் பெயர்கள் 13,000-த்துச் சொச்சம். அதை வடிவமைத்த லட்யன்ஸ்தான் லண்டன் வைட்ஹால் தெருவில் 1920-இல் எழுந்த செனட்டாப் நினைவுச் சின்னத்தையும் அமைத்தார். உடல் இல்லாத வெற்றுக் கல்லறை என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். தூரத்திலிருந்து பார்த்தால் அதன் கோடுகளெல்லாம் நேராகத் தெரியும். உண்மையில் ஒரு கோடும் நேர்கோடல்ல. நிமிர்ந்து நிற்கும் விளிம்புகளை மேலே நீட்டிக்கொண்டே போனால் சுமார் 1,000 அடி உயரத்தில் ஒன்று சேரும். கிடைமட்டமாகத் தெரிபவை, நிலத்துக்கடியில் 900 அடி ஆழத்தில் மையம் கொண்ட வட்டத்தின் வில்கள். முழு நேர்கோடு நம் கண்ணுக்குக் குழிந்து தெரியும் என்பதால், கண்ணின் பிழையைக் கல்லில் முன்கூட்டியே திருத்திவிட்டார். சிலுவை உட்பட எந்தச் சமய அடையாளத்தையும் அதன் உடம்பில் வைக்கவில்லை. செத்தவர்கள் எல்லா மதத்தினரும் என்பதே காரணம். உருவமே இல்லாமல் நின்ற புலிமான்கோம்பைக் கல்லுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்கலாம்.

2019 பிப்ரவரி 25 அன்று தில்லியில் திறந்த தேசியப் போர் நினைவகம் பழைய நடுகல் இலக்கணத்துக்குத் திரும்பியிருக்கிறது. நான்கு வட்டங்கள், தியாக வட்டத்தில் ஒரு கருங்கல்லுக்கு ஒரு வீரர். திறப்பின்போது 25,942 பெயர்கள். ஒருவருக்கு ஒரு கல் என்ற கணக்கு மறுபடி வந்துவிட்டது.

பெரும்படை

நட்ட கல்லுக்குப் படையல் வேண்டும். மயிற்பீலி சூட்டி, கள்ளை ஊற்றி நடுகல்லை வழிபட்டதைச் சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நாடே கொடுத்தாலும் வாங்காத அதியமான், இப்போது சிறு கலத்தில் ஊற்றும் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று ஔவை கலங்கியது புறநானூற்றில் இருக்கிறது.

படையல் கல்லோடு முடிந்துவிடவில்லை. விழுந்தவனின் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். நடுகல் கல்வெட்டுகளில் அதற்கு நெய்த்தோர்ப்பட்டி என்று பெயர். நெய்த்தோர் என்றால் இரத்தம். தெற்கே பிற்காலக் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி. இரத்தம் சிந்தியதற்கு ஈடான வயல் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லும் சொற்கள். இன்றைக்கு நாம் குடும்ப ஓய்வூதியம், கருணைத்தொகை என்று பூசி மெழுகுகிறோம். பழைய பத்திரத்தில் இரத்தம் இரத்தமாகவே இருந்தது.

மனிதருக்கு மட்டும்தான் என்ற கட்டுப்பாடும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல்லில் வீரனின் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பதும், கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்பதும் எழுத்திலேயே இருக்கின்றன. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டையிட்டு மாண்ட சேவலுக்கே கல். திருச்சிச் சின்னத்தில் 41 மனிதர்களுக்குக் கிடைக்காத பெயர், அதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன்பு ஒரு நாய்க்குக் கிடைத்திருக்கிறது.

இந்த மரபில் பெருமைப்படவே முடியாத பக்கமும் உண்டு. வளையல் அணிந்து உயர்த்திய பெண்ணின் கை செதுக்கிய கற்கள் மாசதிக் கற்கள். கணவனோடு தீயில் இறங்கியவர்களின் நினைவு. தீப்பாய்ந்த அம்மன் என்று இன்றும் படையல் பெறுகிறார்கள். இவற்றில் எது அவளே தேர்ந்த சாவு, எது ஊர் தள்ளிய சாவு என்று கல் பிரித்துச் சொல்வதில்லை.

இன்றைய படையல் மலர்வளையம், தாழ்த்திய துப்பாக்கி, இரண்டு நிமிட மௌனம், அணையாத சுடர். இந்தியா கேட்டின் கீழ் 1972 குடியரசு நாளில் ஏற்றிய அமர் ஜவான் சுடரை, ஐம்பது ஆண்டு கழித்து 2022 ஜனவரியில் தேசியப் போர் நினைவகத்தின் சுடரோடு சேர்த்தார்கள். புதுக்கோட்டை, தஞ்சை வட்டாரத்து வயலோரங்களில் பட்டவன் சாமிக்கு நடப்பது இன்னும் பழைய படையல். சுருட்டு, சாராயம், கிடாவெட்டு. பட்டவன் என்ற பெயரைக் கவனியுங்கள். ‘பட்டான் கல்’லின் அதே வினைதான், சாமியின் பெயராக உறைந்துவிட்டது.

வாழ்த்தல்

கடைசிப் படி, புகழ்ந்து சொல்வது. இதில் அரசர்கள் கெட்டிக்காரர்கள். கொடும்பாளூர் மூவர் கோவிலில் இப்போது நிற்பவை இரண்டு விமானங்கள்தாம். மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். பத்தாம் நூற்றாண்டில் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் மனைவியர் இருவர் பெயராலும் எடுத்தது. அங்குள்ள கிரந்தக் கல்வெட்டு இருக்குவேளிர் குலத்தின் பரம்பரையை வரிசையாகச் சொல்லிவருகிறது. ஒருவன் வாதாபியை வென்றான், ஒருவன் சளுக்கியனைக் கொன்றான், பூதி விக்கிரமகேசரி பல்லவப் படையின் இரத்தத்தால் காவிரியைச் சிவக்க வைத்தான். வென்றவர்களின் பெயர் ஒன்று விடாமல் இருக்கிறது. ஆற்றைச் சிவக்க வைத்த இரத்தம் யாருடையது என்பதற்குத்தான் பெயர் இல்லை.

வாழ்த்து என்பது கடைசியில் பெயரைப் படிப்பதுதான். வாஷிங்டனில் வியட்நாம் போரில் மாண்டவர்களுக்கான சுவரை 1982-இல் திறந்தார்கள். மாயா லின் என்ற 21 வயது மாணவியின் வடிவமைப்பு. சிலை இல்லை, தோரணம் இல்லை. கண்ணாடிபோல மெருகேற்றிய கறுப்புக் கல்லில், விழுந்த நாள் வரிசையில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். அந்தக் கல் போனது நம் பக்கத்திலிருந்து, பெங்களூர்ப் பகுதிக் குவாரிகளிலிருந்து. வருகிறவர்கள் தங்கள் முகத்தின் மேல் அந்தப் பெயர் ஓடுவதைப் பார்க்கிறார்கள். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தைப் பெயர்மேல் வைத்து, பென்சிலால் தேய்த்து, வெள்ளையாக எழும் எழுத்தை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். அந்த அம்மாக்களும் பிள்ளைகளும் செய்வது மைப்படி என்பதைத் தவிர வேறென்ன?

எழுத்து அழியும் என்பதும் பழைய செய்திதான். வழிப்போக்கருக்குப் படிக்க முடியாதபடி மங்கிவிட்ட நடுகற்கள் அகநானூற்றிலேயே வந்துவிடுகின்றன. பிறகு வந்தவர்களில் சிலர் அவற்றைத் துவைகல்லாக்கினார்கள், மடையில் வைத்தார்கள், வாசற்படி ஆக்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆறு வினைகளும் நின்றுபோன கல், வெறும் கல்தான்.

ஆறும் ஒருசேர அமைந்த கல் அபூர்வம். பொற்பனைக்கோட்டைக் கணங்குமரனுக்குப் பெயர் இருக்கிறது, அவனுக்குக் கள் ஊற்ற இன்று ஆளில்லை. வயலோரத்துப் பட்டவனுக்குக் கிடா உண்டு, சுருட்டு உண்டு, அவன் பெயரைக் கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. காந்தி மார்க்கெட் 41 பேருக்குப் பெயரும் இல்லை, படையலும் இல்லை. கல்லும் எண்ணும் மட்டும் இருக்கின்றன. மூன்று இடங்களையும் அரைநாளில் சுற்றிவிடலாம். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு ஐம்பது கிலோமீட்டர்தான், வழியிலேயே நார்த்தாமலை. கருங்கல்லுக்கு அங்கே பஞ்சமில்லை.